பீட்டர் ஸ்விட்லரின் போட்டி வாழ்க்கையை லிசெஸ் 'ஸ்டடி'யில் படிப்பது: ஒரு மதிப்புரை

ஒரு சதுரங்க வீரரின் போட்டி வாழ்க்கையை இளமைக் கால ஆட்டங்கள் தொடங்கி வரிசையாக நகர்த்திப் பார்க்க விரும்புவோருக்கு, லிசெஸ் தளத்தின் 'ஸ்டடி' என்னும் வசதி எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதே இம்மதிப்புரையின் பொருள். அடுத்த வாரப் போட்டிக்கு ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள், தயாரிக்கும் ஆட்டக்காரரின் தேவை வேறு. அவரை மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. ஆட்டங்களை வரலாறாகவும், நெருக்கடியில் மனிதர்கள் எடுக்கும் முடிவுகளின் பதிவாகவும் படிக்க விரும்புகிற வாசகரையே கருதி எழுதுகிறேன். கருவியைச் சோதிக்க நான் எடுத்துக்கொண்ட வீரர், 1976 ஜூன் 17 அன்று லெனின்கிராடில் பிறந்த ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் பீட்டர் ஸ்விட்லர்.

கார்ப்போவையோ காஸ்பரோவையோ எடுக்காமல் இவரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. உலக சாம்பியன்களின் வாழ்க்கையை எந்தக் கருவியில் இட்டாலும் அது தானே கதையாகிவிடும். பட்டம் பெற்ற நாளும் இழந்த நாளும் அதற்குத் தொடக்கத்தையும் முடிவையும் தந்துவிடும். ஸ்விட்லரோ உலகப் பட்டத்துக்கான இருவர் மோதலில் ஒருமுறைகூட அமராதவர். ரஷ்ய சாம்பியன் பட்டத்தை எட்டு முறை வென்றவர், ரஷ்ய அணியுடன் ஐந்து ஒலிம்பியாட் தங்கங்கள் பெற்றவர், 2011இல் உலகக் கோப்பையை வென்றவர், 2006 ஜனவரியில் உலகத் தரவரிசையில் நான்காம் இடத்தில் இருந்தவர், 2013 மே மாதத்தில் 2769 என்னும் தம் உச்சத் தரப்புள்ளியைத் தொட்டவர் என்று பட்டியலிட்டாலும், அப்பட்டியலைப் படித்து முடிப்பவருக்கு அவர் எப்படிப்பட்ட போட்டியாளர் என்பது விளங்காது. அவருடைய முக்கியமான ஆட்டங்கள் அனைத்தும் அந்தந்தச் சுற்றில் போட்டி இருந்த நிலையோடு பிணைந்தவை. யாருக்கு எத்தனை புள்ளி, யாருக்கு டிரா போதும், யாருக்கு இழக்க ஒன்றுமில்லை என்பதை அறியாமல் அவற்றைப் படிக்க முடியாது. அந்த நிலையையும் காய் நகர்வுகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்க இடம் தருகிறதா என்பதையே இக்கருவியின் முதன்மைச் சோதனையாகக் கொண்டேன்.

லிசெஸைப் புதிதாக அறிபவருக்காகச் சில செய்திகள். பிரான்ஸைச் சேர்ந்த திபோ துப்லெஸ்ஸி 2010இல் தொடங்கிய தளம் இது. விளம்பரம் இல்லை, சந்தா இல்லை, நிரல் முழுவதும் திறந்த மூலம், செலவு நன்கொடையால் நடக்கிறது. இணையத்தில் ஆடுவதற்காகவே பெரும்பாலோர் இங்கு வருகின்றனர். 'ஸ்டடி' என்பது ஆடுவதற்கல்லாமல் படிப்பதற்கான பகுதி. ஒரு ஸ்டடி என்பது ஒரு குறிப்பேடு, அதற்குள் அத்தியாயங்கள், ஓர் அத்தியாயத்துக்கு ஒரு பலகை. ஒவ்வொரு நகர்வின் கீழும் நாம் குறிப்பு எழுதலாம், கிளை நகர்வுகளைச் சேர்க்கலாம், கட்டங்களின்மேல் அம்புக்குறி வரையலாம். குறிப்புகளைத் தமிழில் எழுதுவதில் எந்தத் தடையும் இல்லை. காய்களை ஆங்கில எழுத்துகளாகக் காட்டாமல் காய்ப்படங்களாகவே காட்டும்படி அமைப்பை மாற்றிக்கொண்டால், குதிரையும் யானையும் மந்திரியும் தமிழ்க் குறிப்புக்கு நடுவே உறுத்தாமல் அமர்கின்றன.

ஆட்டங்களைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் முதல் வேலை. இத்தளத்தின் முதல் குறையும் அங்கேயே தெரிகிறது. லிசெஸில் 'மாஸ்டர்ஸ்' என்றொரு தரவுத்தளம் இருக்கிறது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தரப்புள்ளி 2200க்கு மேற்பட்டவர்கள் 1952 முதல் நேரடியாக அமர்ந்து ஆடிய ஆட்டங்கள் அதில் உள்ளன. ஆனால் அது ஓப்பனிங் ஆய்வுக்காக அமைக்கப்பட்டது. பலகையில் ஒரு நிலையை வைத்தால் அந்நிலையிலிருந்து என்னென்ன ஆடப்பட்டன என்று சொல்லுமேயன்றி, ஸ்விட்லர் என்று பெயரைத் தட்டி அவருடைய ஆட்டங்களை ஆண்டுவாரியாகப் பெற அதில் வழியில்லை. அண்மை ஆண்டுகளில் தளம் நேரலையாகத் தந்த போட்டிகளுக்கு மட்டும் ஃபிடே வீரர் பக்கம் என்று தனியே ஒன்று வந்திருக்கிறது. அதில் பெயரைத் தேடினால் அவர் பங்கேற்ற நேரலைப் போட்டிகள் கிடைக்கும். 1990களுக்கும் 2000களுக்கும் அது உதவாது. ஆகவே பெயர்பெற்ற வீரர்களின் ஆட்டங்களைத் தனித்தனிக் கோப்பாகத் தரும் இலவசத் தளங்களிலிருந்து, நகர்வுகளை எழுத்தாகப் பதியும் பி.ஜி.என். கோப்பை இறக்கி இங்கே ஒட்ட வேண்டியிருக்கிறது. பல ஆட்டங்கள் அடங்கிய கோப்பை ஒட்டினால் ஒவ்வோர் ஆட்டமும் தனி அத்தியாயமாகப் பிரிந்துவிடுகிறது என்பதால் வேலை கடினமன்று. தொடங்கும் இடம் தளத்துக்கு வெளியே இருக்கிறது என்பதுதான் குறை.

பணம் கட்டிப் பெறும் தரவுத்தளங்கள் இதைவிட மேலல்லவா என்று கேட்கலாம். பெயர்த் தேடலில் மேல்தான். ஆனால் சந்தா கட்டி நான் முன்பு பயன்படுத்திய ஒன்றில் ஒரே ஆட்டம் இருவேறு பெயர் எழுத்துக்கூட்டலில் இரண்டு முறை இருந்தது; சமநிலையை முறிக்க ஆடும் டைபிரேக் ஆட்டங்கள் முதன்மைப் போட்டியிலிருந்து பிரிந்து வேறொரு தலைப்பின் கீழ்க் கிடந்தன. ஸ்விட்லரைப் பொறுத்தவரை இது சிறிய குறையன்று, ஏனெனில் அவருடைய ரஷ்யப் பட்டங்களில் 2008, 2013, 2017 ஆகிய மூன்றும் டைபிரேக்கில் முடிவானவை. ஸ்டடியில் கை உழைப்பு கூடுதல் என்றாலும், எந்த ஆட்டம் எதற்குப் பின் வர வேண்டும் என்பதை நாமே முடிவு செய்கிறோம். அத்தியாயங்களை இழுத்து வரிசையை மாற்றிக்கொள்ளவும் முடிகிறது.

ஒரு ஸ்டடிக்கு 64 அத்தியாயங்கள் என்பது வரம்பு. முப்பதாண்டு கால வாழ்க்கைக்கு இது போதாது என்பது வெளிப்படை. தொடக்கத்தில் இடையூறாகத் தோன்றும் இவ்வரம்பு நல்ல ஒழுங்கைக் கற்றுத்தருகிறது என்பது என் கருத்து: எல்லாவற்றையும் கொட்டிவைக்க முடியாததால், போட்டிக்கு ஒரு ஸ்டடி என்று பிரிக்கிறோம், எந்தப் போட்டி தனி ஸ்டடிக்குத் தகும் என்று யோசிக்கிறோம். அவ்வாறு பிரித்தபோது ரஷ்ய சாம்பியன் போட்டிகள் அனைத்தையும் ஒரே ஸ்டடியில் அடக்குவதே பொருத்தமாகப் பட்டது. 1994, 1995, 1997 என முதல் மூன்று பட்டங்களும் கல்மிகியாவின் தலைநகரான எலிஸ்டாவில் வந்தவை. பிறகு 2003இல் கிராஸ்நோயார்ஸ்க், 2008இலும் 2011இலும் மாஸ்கோ, 2013இல் நிஷ்னி நோவ்கோரத், கடைசியாக 2017இல் சொந்த ஊரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க். பதின்ம வயதில் பெற்ற பட்டத்துக்கும் நாற்பதைக் கடந்து பெற்ற பட்டத்துக்கும் இடையே 23 ஆண்டுகள். 2013இல் அவர் டைபிரேக்கில் வீழ்த்திய இயான் நெபோம்நியாஷி பின்னாளில் இரண்டு முறை உலகப் பட்ட மோதலில் அமர்ந்தவர். 2017இல் வீழ்த்திய நிகிதா வித்யூகோவ் அவருடைய ஊர்க்காரர். உள்நாட்டுப் பட்டம் என்று பலர் தாண்டிச் செல்லும் இப்போட்டிகளில் எதிரே அமர்ந்தவர்கள் யார் என்பதை அத்தியாயத் தலைப்புகளே சொல்லிவிடுகின்றன. வேறு பல நாடுகளின் வீரர்கள் பன்னாட்டுப் போட்டியில்கூடச் சந்திக்காத கூட்டம் அது.

இளமைக் காலத்தின் உச்சமாக நான் தனி ஸ்டடி ஒதுக்கியது 1997ஆம் ஆண்டின் டில்பர்க் போட்டிக்கு. நெதர்லாந்தில் நடந்த அப்போட்டியில் காஸ்பரோவ், கிராம்னிக் ஆகியோருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டபோது ஸ்விட்லருக்கு வயது 21. காஸ்பரோவ் அப்போது உலகத் தரவரிசையின் முதலிடத்தில் இருந்தவர். அவருடைய சிசிலியன் தடுப்பை எதிர்கொண்டு வெள்ளைக் காய்களால் ஸ்விட்லர் அவரை அப்போட்டியிலேயே வென்றார். அவ்வெற்றியை மட்டும் எடுத்துப் பார்த்தால் இளைஞன் ஒருவனின் துணிச்சலாகத் தெரியும். போட்டி முழுவதையும் சுற்றுவாரியாக வைத்துப் பார்த்தால், அந்த ஒரு புள்ளியின்றி மூவர் சமநிலை என்பதே இல்லை என்பது தெரிகிறது. ஓர் ஆட்டத்தின் எடையைக் காட்ட அதைச் சுற்றிலும் மற்ற ஆட்டங்கள் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

ஸ்டடியின் அருமை எனக்கு மிகவும் தெரிந்தது இரண்டு போட்டிகளை அருகருகே வைத்தபோது. 2001இல் மாஸ்கோவில் நடந்த ஃபிடே உலக சாம்பியன் நாக்அவுட் போட்டியில் ஸ்விட்லர் அரையிறுதி வரை வந்து, உக்ரைனின் ருஸ்லான் பொனமரியோவிடம் தோற்றார். பொனமரியோவ்தான் அப்பட்டத்தையும் வென்றார். பத்தாண்டு கழித்து, 2011இல் கான்டி மான்சிஸ்க் நகரில் நடந்த உலகக் கோப்பையில், காலிறுதியில் யூதித் போல்கரைக் கடந்துவந்த ஸ்விட்லருக்கு அரையிறுதியில் எதிரே அமர்ந்தவர் அதே பொனமரியோவ். இம்முறை ஸ்விட்லர் வென்றார். இறுதியில் அலெக்சாந்தர் கிரிஷ்சுக்கை 2.5-1.5 என வீழ்த்திக் கோப்பையையும், அதன் வழியே, உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த கேண்டிடேட்ஸ் போட்டிக்கான இடத்தையும் பெற்றார். தரவுத்தளத்தில் இவை பத்தாண்டு இடைவெளியில் சிதறிக் கிடக்கும் ஆட்டங்கள். ஸ்டடியிலோ ஒன்றை ஆடி முடித்தவுடன் அடுத்த அத்தியாயத்தில் மற்றதைத் திறக்கலாம்.

2005இல் அர்ஜென்டினாவின் சான் லூயிஸில் நடந்த போட்டி வேறுவிதமான பாடம். எட்டுப் பேர், 14 சுற்றுகள், வெல்பவர் ஃபிடே உலக சாம்பியன். இறுதிப் பட்டியலில் டோபலோவ் 10, ஆனந்தும் ஸ்விட்லரும் 8.5. அப்பட்டியலைப் பார்ப்பவர் ஒன்றரைப் புள்ளி வித்தியாசத்தில் கடைசி வரை துரத்தல் நடந்தது என்றே நினைப்பார். உண்மையில் முதல் ஏழு சுற்றுகளில் டோபலோவ் 6.5 புள்ளி சேர்த்துவிட்டார். மீதி ஏழையும் டிரா செய்தே பட்டத்தை எடுத்துக்கொண்டார். அந்த இரண்டாம் பாதியில் ஸ்விட்லரும் ஆனந்தும் ஆடியது உண்மையில் இரண்டாமிடத்துக்கும், அடுத்த உலகப் பட்டப் போட்டியில் இடம் பெறுவதற்குமான ஆட்டம். அந்த இடம் ஸ்விட்லருக்குக் கிடைத்தது. ஆனால் 2007இல் மெக்சிகோ நகரில் அவர் 6.5 புள்ளியோடு ஐந்தாமிடத்தில் முடித்தார், பட்டம் 9 புள்ளி பெற்ற ஆனந்துக்குச் சென்றது. இத்தகைய சுற்றுவாரி நிலையை லிசெஸ் பழைய போட்டிகளுக்குத் தானே கணக்கிட்டுத் தருவதில்லை. ஒவ்வோர் அத்தியாயத்தின் முதல் நகர்வுக்கு முன்னுள்ள குறிப்பில் அன்றைய புள்ளி நிலையை நாமே எழுத வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் அதைச் செய்த ஸ்டடிக்கும் செய்யாத ஸ்டடிக்கும் உள்ள வேறுபாடு பெரிது; மற்றவர்கள் பொதுவில் வைத்திருக்கும் ஸ்டடிகளில் பெரும்பாலானவை வெறும் ஆட்டக் குவியலாக நிற்பது இதனால்தான்.

இனி லண்டன், 2013. கேண்டிடேட்ஸ் போட்டியின் கடைசிச் சுற்றுக்கு முன் கார்ல்சனும் கிராம்னிக்கும் ஆளுக்கு 8.5 புள்ளியில் இருந்தனர். ஸ்விட்லர் 7 புள்ளியில் இருந்தார். அவர் வென்றாலும் முதலிடத்தை எட்ட முடியாது. கார்ல்சன் வெள்ளைக் காய்களுடன் ஸ்விட்லரை எதிர்கொண்டார், கிராம்னிக் கருப்புக் காய்களுடன் இவான்சுக்கை. கார்ல்சன் நேர நெருக்கடியில் சிக்கித் தோற்றார், கிராம்னிக்கும் தோற்றார், இருவரும் 8.5இலேயே நின்றுவிட, கூடுதல் வெற்றிகள் பெற்றவர் என்ற விதியால் கார்ல்சன் உலகப் பட்ட மோதலுக்குத் தகுதி பெற்றார். ஸ்விட்லர் 8 புள்ளியுடன் மூன்றாமிடம். இழக்கவோ பெறவோ பெரிதாக ஒன்றுமில்லாத ஒருவர், எல்லாவற்றையும் இழக்கக்கூடிய ஒருவரை எதிர்கொண்ட ஆட்டம் அது. அந்த ஆட்டத்தைப் பலகையில் நகர்த்தினால் கார்ல்சனின் நகர்வுகள் ஓரிடத்தில் தளர்வது தெரிகிறது. ஆனால் ஏன் தளர்கின்றன என்பது பலகையில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. இன்றைய நேரலைக் கோப்புகளில் ஒவ்வொரு நகர்வுக்கும் மிச்சமிருந்த நேரம் பதிவாகிறது, லிசெஸும் அதைப் பலகையின் அருகே காட்டுகிறது. பழைய கோப்புகளில் பெரும்பாலும் அந்நேரப் பதிவு இருப்பதில்லை. அதற்கு லிசெஸைக் குறை சொல்ல முடியாது என்றாலும், வாசகர் இதை அறிந்திருப்பது நல்லது. நேரம் தெரியாத ஆட்டத்தில் பிழையைக் கண்டு நகைப்பது எளிது.

இதே எச்சரிக்கை, நிலைகளைக் கணக்கிட்டு மதிப்பிடும் மென்பொருளான என்ஜினுக்கும் பொருந்தும், இன்னும் கடுமையாக. ஸ்டடியின் எந்த அத்தியாயத்திலும் ஸ்டாக்ஃபிஷ் என்ஜினை ஒரு பொத்தானில் இயக்கலாம். பலகையின் ஓரத்தில் மதிப்பீட்டுப் பட்டை ஏறி இறங்கும். ஆட்டம் முழுவதையும் தளத்தின் கணினியிலேயே ஆராயச் சொன்னால், பிழைகளைக் குறியிட்டு, இருவருக்கும் துல்லிய விழுக்காடு ஒன்றையும் தருகிறது. இலவசமாகக் கிடைக்கும் இந்த வசதியின் வலிமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஸ்விட்லரின் வாழ்க்கையைப் படிக்க வந்தவர் முதல் வாசிப்பில் அதை அணைத்து வைப்பதே முறை என்பேன். காரணத்தை 2015இன் பாகு இறுதிப் போட்டி காட்டும்.

அவ்வாண்டு உலகக் கோப்பையின் இறுதியில் ஸ்விட்லர் செர்கேய் கர்யாகினை எதிர்கொண்டார். நான்கு கிளாசிக்கல், அதாவது நீண்ட நேர ஆட்டங்கள். முதலிரண்டையும் ஸ்விட்லர் வென்றுவிட்டார். மீதமுள்ள இரண்டில் ஒரு டிரா போதும், கோப்பை அவருடையது. மூன்றாம் ஆட்டத்தில் அவர் நல்ல நிலையில் இருந்தார், அங்கிருந்து பெரும்பிழை செய்து தோற்றார். நான்காவதிலும் தோற்றார். பின் நேரம் குறைந்த ரேபிட் ஆட்டங்கள் இரண்டு, ஆளுக்கொன்று. பத்து நிமிட ஆட்டங்கள் இரண்டு, மீண்டும் ஆளுக்கொன்று. கடைசியில் அதிவேக ஆட்டங்களான பிளிட்ஸ் இரண்டையும் கர்யாகின் எடுத்தார். பத்து ஆட்டங்கள், ஒன்றுகூட டிரா இல்லை, 6-4. இருவருக்கும் அதற்கு முன்பே அடுத்த கேண்டிடேட்ஸ் இடம் உறுதியாகியிருந்தது என்பதையும், நாக்அவுட் போட்டியின் பல வாரக் களைப்புக்குப் பின் ஆடினார்கள் என்பதையும் சேர்த்தே இந்தப் பத்து ஆட்டங்களைப் படிக்க வேண்டும். என்ஜினை இயக்கிக்கொண்டு படித்தால் பட்டை மேலும் கீழும் துள்ளும், சிவப்புக் குறிகள் நிறையும், இருவரும் ஆடத் தெரியாதவர்கள் என்ற எண்ணமே மிஞ்சும். அணைத்துவிட்டு, ஒரு டிரா போதும் என்ற நினைவோடு மூன்றாம் ஆட்டத்தை நகர்த்திப் பாருங்கள்: வெல்லும் வழி கண்முன் இருக்கும்போது டிராவுக்கு ஒதுங்குவதா, தொடர்வதா என்ற கேள்வி ஒவ்வொரு நகர்விலும் எழுகிறது. நான் அறிந்த வரையில் தகுதிமிக்க இருவர் ஆடிய இறுதிகளில் மனநிலையை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இன்னொன்று இல்லை. துல்லிய விழுக்காட்டை வைத்து வீரர்களின் வாழ்க்கையைத் தரம் பிரிக்கும் பழக்கம் அண்மையில் பரவியிருக்கிறது. அந்த அளவுகோலில் இந்த இறுதி தாழ்வாகவே நிற்கும், அளவுகோலின் குறை அது. மறு ஆண்டு மாஸ்கோ கேண்டிடேட்ஸில் கர்யாகின் வென்று உலகப் பட்ட மோதலுக்குச் சென்றார், ஸ்விட்லர் 14இல் 7 எடுத்து நடுவில் நின்றார்.

என்ஜினை அணைப்பதற்கு மாற்றாக ஸ்டடி தரும் ஒரு வசதியைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். அத்தியாயத்தின் அமைப்பில் 'அடுத்த நகர்வுகளை மறை' என்றொரு தெரிவு உள்ளது. அதைத் தெரிந்தால் ஆட்டத்தின் தொடர்ச்சி கண்ணில் படாது. ஒவ்வொரு நிலையிலும் நின்று, ஸ்விட்லர் என்ன ஆடியிருப்பார் என்று யோசித்த பின்னரே அடுத்ததற்குச் செல்லலாம். குருன்ஃபெல்ட் தடுப்புக்கு இது மிகவும் உகந்தது. வெள்ளையின் ராணிப்பக்கச் சிப்பாய்த் தொடக்கத்துக்கு எதிராக ஸ்விட்லர் வாழ்நாள் முழுவதும் நம்பி ஆடிய தடுப்பு இது: நடுப்பகுதியில் வெள்ளை பெரிய சிப்பாய் வரிசையை எழுப்பக் கருப்பு இடம் கொடுத்துவிட்டு, பிறகு மந்திரியாலும் சிப்பாய்களாலும் அந்த வரிசையின் அடித்தளத்தைத் தாக்கும். கணக்கு ஒன்று தவறினாலும் கருப்புக்கு மீள இடமிராது. உலகப் பட்டத்துக்கு ஆடும் பலர் இன்னும் உறுதியான தடுப்புகளைத் தேடிப் போன காலத்திலும் இவர் இதைக் கைவிடாததே அவருடைய ஆட்ட இயல்பைச் சொல்லிவிடும். மாஸ்டர்ஸ் தரவுத்தளத்தின் பெயர்த் தேடல் குறையும் இங்கே ஓரளவு ஈடாகிறது; குருன்ஃபெல்டின் முதன்மைக் கிளைகளில் இறங்கிச் சென்றால் காட்டப்படும் ஆட்டங்களிடையே இவர் பெயர் அடிக்கடி தலைகாட்டுகிறது.

செஸ்960க்கு லிசெஸ் வேறெந்தப் பெருந்தளத்துக்கும் குறைந்ததன்று. பின்வரிசைக் காய்களைக் குலுக்கி வைத்துத் தொடங்கும் அவ்வகை ஆட்டத்தில் ஸ்விட்லர் 2003இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பீட்டர் லெகோவை வென்று உலகப் பட்டம் பெற்றார். 2004இல் ஆரோனியனிடமிருந்தும் 2005இல் அல்மாசியிடமிருந்தும் அதைக் காத்தார். 2006இல் ஆரோனியனிடம் இழந்தார். தொடக்க நிலை கோப்பில் சரியாகக் குறிக்கப்பட்டிருந்தால் ஸ்டடி அதை ஏற்றுக்கொள்கிறது. குறிக்கப்படாத கோப்புகளைத் தவிர்ப்பதே நல்லது.

ஆட்டங்களுக்கு வெளியே உள்ள ஸ்விட்லரை ஸ்டடியால் காட்ட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யான் குஸ்டாஃப்சனுடன் சேர்ந்து அவர் செஸ்24 தளத்துக்கு அளித்த நேரலை வருணனைகளால்தான் புதிய தலைமுறை அவரை அறிந்தது; அத்தளம் 2024 ஜனவரியில் மூடப்பட்டது. தம் தவறுகளை மென்மையான கேலியோடு விளக்கும் அந்தப் பேச்சு அவருடைய ஆட்டக் குறிப்புகளுக்குத் தேவையான துணை. கிரிக்கெட்டின் தீவிர ரசிகர் என்பதும் அவரைப் பற்றி அறிந்தோர் அனைவருக்கும் தெரிந்த செய்தி. ஒரு ரஷ்யருக்கு அது அரிய பற்று. 2024இல் டொரண்டோ கேண்டிடேட்ஸின்போது சென்னையின் பிரக்ஞானந்தாவுக்குத் துணையாளராகச் சென்றவரும் இவர்தான்.

அண்மைக்கால ஆட்டங்களைச் சேர்க்கும்போது நாட்டின் பெயரில் ஒரு மாற்றம் கண்ணில் படும். 2022 மார்ச்சில் உக்ரைன் மீதான போரை நிறுத்தக் கோரி 44 ரஷ்ய வீரர்கள் எழுதிய திறந்த மடலில் கையெழுத்திட்டவர்களில் ஸ்விட்லரும் ஒருவர். அதன்பின் அவர் ஃபிடே கொடியின் கீழ் ஆடிவருகிறார். நாட்டை வைத்து ஆட்டங்களைத் தேடும் பழக்கமுள்ளவர் இதை மறந்தால் பிற்கால ஆட்டங்கள் விடுபடும். விடுபடக் கூடாதவை அவை: 2023இல், 46 வயதில், ஸ்வீடனின் மால்மோ நகரில் குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் ஆடிய சிகமன் போட்டியில் முதலிடம் பெற்றார்.

கைப்பேசியில் ஸ்டடியைப் படிப்பது வசதியாகவே உள்ளது. கோப்புகளை ஒட்டி, அத்தியாயங்களை அடுக்கி, நீண்ட குறிப்பு எழுதுவதற்குக் கணினிதான் ஏற்றது. எழுதியவற்றை யாரும் பார்க்காதபடி வைக்கலாம், இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி வைக்கலாம், பொதுவிலும் வைக்கலாம். மற்றொருவரை உறுப்பினராகச் சேர்த்து இருவரும் ஒரே பலகையில் ஒரே நேரத்தில் நகர்த்திப் பார்க்கவும் முடிகிறது. ஒரே ஊரில் இல்லாத இரு நண்பர்கள் வார இறுதியில் ஒரு போட்டியைச் சேர்ந்து படிக்க இது போதும். குறிப்புகளும் கிளைகளும் உட்பட ஸ்டடி முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் பி.ஜி.என். கோப்பாக இறக்கிக்கொள்ளலாம் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். சந்தா நின்றவுடன் குறிப்புகள் பூட்டப்பட்டுவிடும் சேவைகளைப் பார்த்த பிறகு, தமிழில் எழுதிய குறிப்புகள் நம் வன்தட்டிலும் இருக்கும் என்பது சிறிய ஆறுதலன்று.

முதலில் எதைத் தொடங்குவது என்று கேட்பவருக்கு: பாகு இறுதியின் பத்து ஆட்டங்களை ஒரு ஸ்டடியாக ஒட்டுங்கள், அடுத்த நகர்வுகளை மறையுங்கள், ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் அந்நேரத்துப் புள்ளிக் கணக்கை எழுதுங்கள். ஒரு மாலைப் பொழுதுக்குள் முடிந்துவிடக்கூடிய வேலை அது. இத்தளம் உங்களுக்கு ஏற்றதா இல்லையா என்பதை அதற்குள் நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.